அட்டைக்கு வந்த சீர்

தாய்மாமன் பட்டுப் பாவாடை தாவணியோடு சீர் கொண்டுவந்து, மைக் செட் வைத்து, ஊரைக் கூட்டி மஞ்சள் நீராட்டு நடத்தப்பட்ட ஒரே அட்டை, எங்கள் ஊர் ஏரி அட்டையாகத்தான் இருக்கும். அந்த அட்டையின் சார்பில் மணையில் உட்கார்ந்திருந்தவள் நான்.

எழுபதுகளின் தொடக்கம். திருவள்ளூருக்கு மேற்கே, ஏரித் தண்ணீரில் நெல் விளையும் ஊர். நான் எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் முதல் மாணவி என்ற திமிர் தலைமுதல் கால்வரை உண்டு. (உடம்பைப் பற்றி மட்டும் ஒன்றும் தெரியாது. தவளைக்கு உள்ளே என்னென்ன இருக்கிறது என்று படம் போட்டுச் சொல்லிக்கொடுத்தார்கள். எங்களைப் பற்றி யாரும் மூச்சுவிடவில்லை.)

அன்றைக்குப் பள்ளி விட்டு வரும் வழியில் அல்லிப்பூ பறிக்க ஏரிக்குள் இறங்கினேன். வீட்டுக்கு வந்து சம்மணம் போட்டுச் சாப்பிட்டு எழுந்தால் பாவாடையின் பின்பக்கமெல்லாம் ரத்தம். சாகப்போகிறேன் என்று அலறினேன். பக்கத்து வீட்டிலிருந்து கன்னியம்மா அத்தை, என் அப்பாவின், அதாவது நைனாவின், அக்கா, ஓடி வந்தாள். ஒரே ஒரு பார்வைதான் பார்த்தாள்.

“அய்ய, இதுக்கு இன்னாத்துக்குடி அழுவுற? பெரிய மனுஷி ஆயிட்ட!”

அம்மா அடுப்படியிலிருந்து வருவதற்குள் அத்தை தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள். பள்ளிப்பட்டில் இருந்த மாமாவுக்குச் சேதி சொல்ல ஆள் பஸ் ஏறிவிட்டான். (எங்கள் ஊரில் தந்தியைவிட அத்தை வேகம்.)

தலைக்குத் தண்ணீர் ஊற்றி, மாற்றுத்துணி கொடுத்து, வீட்டுக்குப் பக்கத்தில் பச்சை ஓலைக் குடிசை கட்டி என்னை உட்கார வைத்தார்கள். தனித் தட்டு, தனி டம்ளர். கழற்றிய பாவாடை சலவைக்காக மூலையில் சுருண்டு கிடந்தது. என்னமோ பெரிதாகச் சாதித்துவிட்டது போல எனக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது. அப்போதுதான் வெளியே நைனாவின் குரல் கேட்டது.

“படிச்ச வரைக்கும் போதும். இனிமே ஊட்டோட இருக்கட்டும்.”

பெருமை அதோடு போயிற்று. என் பெரியப்பா மகளும் இப்படி ஓலைக் குடிசைக்குள் போனவள்தான். வெளியே வந்தபோது அவளுடைய புத்தகங்கள் யார் யார் கைக்கோ போயிருந்தன. எனக்கும் அதே கதிதான் என்று நினைத்து நினைத்து அழுதேன்.

அழுது முடித்து நிமிர்ந்தபோது, சுருட்டிய பாவாடைக்குள்ளிருந்து ஓர் அட்டை நிதானமாக வெளியே வந்தது. நாவல்பழம் போல உப்பியிருந்தது. முழங்காலுக்குப் பின்னால் தடவிப் பார்த்தேன். கடிவாயில் இன்னும் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அட்டையை டம்ளர் தண்ணீரில் போட்டு, வாழை இலைத் துண்டால் மூடிக் கட்டினேன். அதன் பிறகு நான் சொம்பிலேயே தண்ணீர் குடித்தேன்.

அப்போதும் எனக்கு விஷயம் புரியவில்லை. அட்டை கடித்தால் பெண்கள் பெரிய மனுஷி ஆகிவிடுவார்கள் போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன். அப்படியானால் நாள் முழுக்க ஏரியில் கிடக்கும் எங்கள் எருமைக்கு இதுவரை எத்தனை சீர் வந்திருக்க வேண்டும்? இந்தச் சந்தேகம்தான் என்னைக் காப்பாற்றியது. சோறு கொண்டுவந்த அம்மாவிடம் டம்ளரைக் காட்டிக் கேட்டேன்.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு, மாதாமாதம் என்ன வரும், ஏன் வரும், பயப்பட ஒன்றுமில்லை என்று நாலே வாக்கியத்தில் குசுகுசுவென்று சொல்லி முடித்தாள்.

“அப்ப எனக்கு இன்னும் ஆவலியாம்மா?”

“ஆவல. ஆனா வாயத் தொறந்த, கொன்னுடுவேன். உங்க மாமன் இந்நேரம் ஜவுளி எடுத்திருப்பான். எப்டியும் ஆவப்போறதுதானே? சீர் முன்கூட்டியே வந்துச்சின்னு வெச்சிக்க.”

“அப்ப ஸ்கூலு?”

அம்மா சோற்றை என் பக்கம் தள்ளிவிட்டுப் போய்விட்டாள்.

விழா நாளும் வந்தது. அம்மாவின் தம்பி முனுசாமி மாமா தட்டு வரிசையோடு வந்து இறங்கினார். பட்டுப் பாவாடை தாவணி, வளையல், வெல்லம், பழம், காலில் கயிறு கட்டிய ஒரு சேவல். என்னை மணையில் உட்கார வைத்தார்கள். மடியில், தாவணிக்குள் டம்ளர். (தைரியம் என்று இன்றைக்குச் சொல்லிக்கொள்ளலாம். அன்றைக்கு அது கவிழ்ந்துவிடாமல் இருந்தாலே போதும் என்றிருந்தது.)

“திங்கக்கெழம ஸ்கூலுக்குப் போயி டி.சி. வாங்கிக்கினு வந்துடணும்” என்று நைனா யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. டம்ளரைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

“நைனா, நான் பெரிய மனுஷி ஆவல! இதுதான் கடிச்சிது!”

சீர்வரிசையை அறிவிக்க வைத்திருந்த மைக் என் பக்கத்திலேயே இருந்தது. தெருக்கோடி வரை கேட்டதாம்.

“இன்னாடி பேஜாரு பண்ற?” என்று அத்தை டம்ளரைப் பிடுங்கி, இலையை நீக்கி, உள்ளே விரலை விட்டாள். அட்டை விரலில் ஒட்டிக்கொண்டது. அத்தை போட்ட கூச்சலில் சீர்ச் சேவல் கயிற்றை அறுத்துக்கொண்டு பந்தல்மேல் ஏறிவிட்டது. உதற உதற அட்டை விடவில்லை. சமையல்காரர் கைநிறைய உப்போடு ஓடி வந்தார்.

அட்டை விழுந்தது. அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நைனாவைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. எல்லோரும் மாமாவையே பார்த்தார்கள். சீர் கொண்டுவந்தவர் கோபித்துக்கொண்டு போய்விட்டால் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தையே நின்றுவிடும்.

மாமா அத்தையின் விரலை உற்றுப் பார்த்தார்.

“இன்னாக்கா, நீயும் ஆயிட்டியா? முன்னியே சொல்லியிருந்தா இன்னொரு தட்டு சேத்து எடுத்தாந்திருப்பேனே!”

முதலில் சிரித்தவர் நைனாதான். அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. மாமா அதோடு விடவில்லை. “ஆவாத பொண்ண இன்னாத்துக்கு மச்சான் ஊட்ல குந்த வெக்கற? ஸ்கூலுக்கு அனுப்பு. அட்டைக்கு சீர் வெச்சிட்டேன். இன்னொரு தபா டப்பு செலவு பண்ணிக்கினு நான் வரமாட்டேன், ஆமாம்!” என்றார். வந்தவர்கள் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போனது நைனா அல்ல, நான்.

நிஜமாகவே அது வந்தபோது ஒன்பதாவது அரைப்பரீட்சை நடந்துகொண்டிருந்தது. நான் பயப்படவில்லை, அம்மாவின் நாலு வாக்கியம் கைவசம் இருந்தது. அம்மாவிடம் சொன்னேன். முதலில் கதவைச் சாத்தினாள்.

“ஏரிக்குப் போனியா?”

“போவலம்மா.”

பழைய புடவையைக் கிழித்து மடித்துக் கையில் கொடுத்தாள். “சீர் வந்தாச்சி, சோறு போட்டாச்சி, ஊரே சிரிச்சாச்சி. மறுபடியும் கூப்ட்டா எவன் நம்புவான்? வாய மூடிக்கினு பரீட்சைக்குப் போ.”

போனேன். எஸ்.எஸ்.எல்.சி. முடிக்கும்வரை நைனாவிடம் யாரும் இதைச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. பிற்பாடு கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனி ஆபீஸில் வேலை கிடைத்தது. அன்று மட்டும் அந்த அல்லிப்பூவுக்கு ஆசைப்படாமல் இருந்திருந்தால் ஒன்பதாவதிலேயே நைனா டி.சி. வாங்கியிருப்பார். அதை நினைத்தால் அப்பாடா என்றிருக்கும்.

என் மகள் பெரியவளானபோது முதலில் பள்ளிப்பட்டுக்குத்தான் போன் செய்தேன். மாமாவுக்குக் காது மந்தமாகியிருந்தது. இரண்டு முறை கத்திச் சொன்னேன்.

“பாவாடைய நல்லா ஒதறிப் பாத்தியா?” என்றார்.