மீனை எங்கே வைத்தார் நோவா?

சலூன்காரரை ஆண்டவரிடம் கொண்டுவந்தே தீருவது என்று சபதம் எடுத்தேன். சாப்பாட்டு மேஜை முன்னால் எழுந்து நின்று எடுத்தேன். உட்கார்ந்து எடுத்தால் என் மனைவி அதை வெறும் பேச்சு என்று நினைத்துவிடுவாள்.

"அவருக்கு என்ன சொல்லப் போறீங்க?" என்றாள்.

"வேதத்தை விளக்கப் போறேன். அதுக்காகத் தினமும் ஒழுங்காப் படிக்கப் போறேன். சாப்பிட்டதும் கதவைச் சாத்திக்குவேன். யாரும் கூப்பிடக் கூடாது."

சாப்பிட்டதும் எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவும் நேரம். அது தற்செயல் என்று நீங்களாவது நம்புங்கள்.

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன் நான். தெருவில் பாதிப் பேருக்குப் பார்வை கொடுப்பவன். ஆனால் பொடி எழுத்தைக் கண்டால் என் கண் என் பேச்சைக் கேட்காது. ஆதியாகமத்தைத் திறப்பேன். கொஞ்ச நேரத்தில் வேதம் திறந்திருக்கும், கண் மூடியிருக்கும்.

"எதுவரைக்கும் படிச்சீங்க?"

"நோவா பேழைக்குள்ள போயிட்டார்."

"போன வாரமும் உள்ளதானே இருந்தார்? மழை இன்னும் விடலையா?"

"ஆழமாப் படிக்கிறேன்."

"அதான் கன்னத்துல நாடாத் தடம் இவ்வளவு ஆழமா இருக்கு."

தடவிப் பார்த்தேன். வேதத்தில் அடையாளம் வைக்கும் நாடா காதுவரை பதிந்திருந்தது.

இருந்தாலும் சலூனுக்குப் போனேன். நாற்காலியில் உட்கார்ந்தவன் எழுந்து ஓட முடியாது, கேட்டுத்தான் ஆக வேண்டும் என்பது என் கணக்கு. உட்கார்ந்திருப்பவன் நான் என்பது சோப்பு நுரை பூசிய பிறகுதான் உறைத்தது.

"நோவான்னு ஒருத்தர்..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் சார், பேழை கட்டினவர். ஒரு சந்தேகம். மிருகம், பறவை எல்லாத்தையும் ஏத்தினாரே, மீனை எங்க வச்சார்?"

கத்தி குரல்வளையில் இருந்தது. "ம்" என்றேன். கத்தியை எடுத்துவிட்டுக் காத்திருந்தார். பாவி மனுஷன், கத்தியை வைத்தே இருந்திருக்கலாம்.

"மேல்தட்டுல" என்றேன்.

சலூனே சிரித்தது. வீட்டுக்கு வந்து சொன்னேன். மனைவி சிரிக்கவில்லை. அது இன்னும் வலித்தது.

"வெள்ளத்துல மீனுக்கு எதுக்குங்க பேழை?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. சலூன்காரர் நல்ல மனுஷர். நான் நம்புவதை அவரும் அறிய வேண்டும் என்று நிஜமாகவே ஆசைப்பட்டேன். தூங்கினது வேறு விஷயம்.

"கை சும்மா இருந்தா கண்ணு மூடத்தான் செய்யும். இனி நான் வாசிக்கிறேன், நீங்க விளக்குங்க" என்றாள்.

"எதை?"

தேய்க்கிற நாரை என் கையில் வைத்தாள். "முதல்ல இந்தச் சட்டியை."

ஆச்சரியம் என்னவென்றால், கழுவக் கழுவக் கதை மண்டையில் ஏறியது. அடிப்பிடித்த சட்டியைத் தேய்த்து முடிப்பதற்குள் நோவா கரையிறங்கிவிட்டார். யோசேப்பை அண்ணன்மார் குழியில் தள்ளியபோது நான் ஒரு தட்டைக் கீழே போட்டேன். மறுபடி முடி வளர்ந்ததும், எந்தக் கேள்விக்கும் தயாராக, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சலூனுக்குப் போனேன்.

சலூன்காரர் என் கன்னத்தில் கை வைத்தார். அவர் விரலெல்லாம் தண்ணீரில் ஊறிச் சுருங்கியிருந்தது. அதில் எங்கள் சமையலறை சோப்பின் அதே வாசனை வேறு.

"சார், நான் யாத்திராகமம் முடிச்சிட்டேன்."

"எப்படி? நானே இன்னும் எகிப்தை விட்டுக் கிளம்பலையே."

"என் வீட்டுக்காரி வாசிப்பா, நான் பாத்திரம் கழுவுவேன். உங்க வீட்டு அக்கா சொல்லிக் குடுத்த வழி. எங்க வீட்ல ஆள் ஜாஸ்தி, பாத்திரமும் ஜாஸ்தி. அதான் உங்களை முந்திட்டேன். கேக்கக் கேக்க மனசுக்கு என்னமோ பண்ணுது சார். ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட சபைக்கு வர்றோம்."

மனசு நிறைந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் யார் ஜெயித்தது என்றெல்லாம் தோன்றவில்லை. அடுத்த நிமிஷம் தோன்றியது.

"எல்லாம் நீங்க அன்னிக்குக் கேட்ட மீன் கேள்வியாலதான்" என்றேன், பெருந்தன்மையாக.

"அதுவும் அக்கா கேக்கச் சொன்னதுதான் சார். என் வீட்டுக்காரிகிட்ட சொல்லி அனுப்பினாங்க."

வாயைத் திறந்தேன். அதற்குள் கத்தி குரல்வளைக்கு வந்துவிட்டது.

"ஞாயித்துக்கிழமை சபையில எல்லாருக்கும் சாப்பாடாமே. பாத்திரம் கழுவ நம்ம ரெண்டு பேர் இருக்கோம்னு அக்கா வாக்குக் குடுத்துட்டாங்க. உங்களுக்குச் சம்மதம்தானே?"

"ம்" என்றேன்.