விசில் கொடுக்க மறுத்த மூக்குக் கண்டக்டர்

புளியரையிலிருந்து செங்கோட்டை, குற்றாலம் வழியாகத் தென்காசிக்கு வந்த சாயங்கால பஸ்ஸில், கண்டக்டரின் மூக்குக்குப் பயப்படாத ஆண்பிள்ளை ஒருவன்கூடக் கிடையாது. அறுபதுகளின் தொடக்கம். எங்கள் பக்கம் மதுவிலக்கு. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் கடை திறந்திருக்கும். அங்கே போய்க் குடித்துவிட்டு நல்லபிள்ளையாக வீடு திரும்புகிறவர்களுக்கு வாய்த்த பஸ் அது. அதில்தான் இந்த மனுஷன்.

டிக்கெட் கேட்டால், "முதல்ல ஊதும்வே" என்பார். வாடை வந்தால் முன்சீட்டில் உட்காரவைப்பார். ரோட்டோரத்து வீடென்றால் வாசலில், சந்துக்குள் வீடென்றால் சந்து முனையில் பஸ்ஸை நிறுத்தி, பெண்சாதி வெளியே வரும்வரை விசில் ஊதுவார்.

"தாயீ, ஒங்க பார்சல் வந்திருக்கு. சேதாரம் இருக்கான்னு பாத்து எடுத்துக்கோங்க."

ஒரு பெரிய உத்தியோகஸ்தர் பச்சைக் கற்பூரத்தை மென்றுகொண்டு ஏறினார். கண்டக்டர் மோந்து பார்த்தார். "கோயில் வாசனைதான் அடிக்குது. ஆனா சாமி குடிச்சிருக்காரே" என்று முன்சீட்டைக் காட்டினார்.

நான் அப்போது செங்கோட்டையில் ஓர் அரிசி மில்லில் குமாஸ்தா. தினமும் அந்த பஸ்ஸில்தான் தென்காசிக்குத் திரும்புவேன். "ஊரான் குடிச்சா ஒங்களுக்கென்ன அண்ணாச்சி?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"எந்தம்பி தச்சு வேலை. வார்னிஷக் குடிச்சுக் குடிச்சு இப்பம் ரெண்டு கண்ணும் தெரியாது. அவன் குடிக்கான்னு தெருவுக்கே தெரியும். எனக்கு ஒருத்தனும் சொல்லல. கேட்டா, நமக்கெதுக்கு வம்புன்னு இருந்துட்டோங்கான்."

அதற்குப் பிறகும் எனக்குப் புத்தி வரவில்லை என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

சாரல் பெய்த ஒரு சாயங்காலம். பஸ் முதலாளியின் மச்சினன்தான் புது டிரைவர். செங்கோட்டையில் டீ குடிக்க என்று இறங்கி, திருட்டுச் சாராயம் விற்கிற சந்துக்குள் போனவன் கண் சிவந்து திரும்பினான். கண்டக்டர் டிரைவர் ஜன்னலுக்குப் போய் மோந்து பார்த்தார். விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"இவன் ஓட்டினா நான் விசில் குடுக்க மாட்டேன்."

பஸ் முழுக்க அவரைத்தான் திட்டியது. குடித்தவனை ஒரு வார்த்தை கேட்க நாதியில்லை. "கொஞ்சம்போலத்தான குடிச்சிருக்காரு, எடுக்கச் சொல்லுங்க" என்று ஒரு குரல் கேட்டது. அது என் குரல். இன்றைக்கு நினைத்தாலும் என் வாயிலேயே போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

அவர் இறங்கிப்போய் முன்சக்கரத்தின் எதிரே ஈரத்தரையில் உட்கார்ந்தார். "என் மேல ஏத்திட்டுப் போங்க."

வடகரையிலிருந்து பலாப்பழம் கொண்டுவந்து விற்கும் அம்மாள் ஒருத்தி எழுந்தாள். "எம்பிள்ளைகளுக்கு நான் ஒருத்திதான் இருக்கேன். நான் இறங்குதேன்" என்றாள். பின்னாலேயே பெண்கள் எல்லோரும் இறங்கினார்கள். வெட்கப்பட்டுக்கொண்டு ஆண்கள் இறங்கினோம். டிரைவர் வண்டியைப் பின்னுக்கு எடுத்து, சக்கரத்தின் முன்னால் இருந்தவரைச் சுற்றிக்கொண்டு, காலி பஸ்ஸோடு பறந்தான்.

நனைந்துகொண்டே நடந்தோம். குற்றாலத்துக்கு முந்தின வளைவில் பஸ் மருதமரத்தில் மோதி நின்றது. டிரைவருக்குக் கை ஒடிந்திருந்தது. நான் உட்கார்ந்திருந்த சீட்டைக் காணவில்லை. அந்த இடத்தில் மரம் இருந்தது. கண்டக்டர் டிரைவரைத் திட்டிக்கொண்டே தூக்கி, வழியில் வந்த மாட்டுவண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

மறுநாள் முதலாளி வேலையைவிட்டு நிறுத்தியது கண்டக்டரை. பயணிகளைத் தூண்டிவிட்டாராம். மச்சினனுக்குக் கை சரியானதும் வேலை உண்டாம். இதை எழுதும்போதுகூட எனக்குப் பல் நறநறக்கிறது.

பலாப்பழத்து அம்மாள் செங்கோட்டை பஸ் ஸ்டாப்பில் வந்து நின்றுகொண்டாள். வந்தவர்களிடமெல்லாம் ஒரே கேள்வி. "குடிச்சவனுக்கு வேலை உண்டாம், தடுத்தவருக்கு இல்லையாம். நீங்க ஏறுவீயளா?"

ஒருவரும் ஏறவில்லை. நெசவாளிகள் துணி மூட்டையைத் தலையில் வைத்து நடந்தார்கள். நானும் தென்காசிவரை நடந்தேன். முதலாளி விட்ட மாற்று பஸ், ஒரு மாற்று டிரைவரையும் மழைத்தண்ணீரையும் மட்டும் ஏற்றிக்கொண்டு ஓடியது. இரண்டாவது வாரம் முதலாளியே வந்து, கண்டக்டரைத் திரும்ப எடுப்பதாகவும் மச்சினன் இனி ஸ்டியரிங்கைத் தொடமாட்டான் என்றும் சொன்னார்.

"அது மட்டும் போதாது. எந்த டிரைவரும் எங்க முன்னால ஊதிட்டுத்தான் ஏறணும். நாங்களும் மோந்து பாப்போம்" என்றாள் அந்த அம்மாள்.

அதன்பின் அந்த பஸ்ஸில் நாற்பது மூக்குகள். குடித்துவிட்டு வருகிறவன் ஏறுவதற்கு முன்பே இறங்கிவிடுவான்.

திரும்பி வந்த கண்டக்டர் நன்றி சொல்லவில்லை. "அன்னைக்கு நான் தரையில உக்காருத வரைக்கும் ஒருத்தனுக்கும் வாய் வரலையே" என்று தென்காசி வரும்வரை எங்களைத் திட்டித் தீர்த்தார். தலை குனிந்து கேட்டுக்கொண்டோம்.

மறு வருஷம் எனக்குக் கல்யாணம். அப்பா இல்லாதவன் நான். மணவறையில் அப்பா நிற்கவேண்டிய இடத்தில் வந்து நிற்கும்படி அவரைத்தான் கேட்டேன். அங்கேயும் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டுதான் நின்றார். தாலி கட்டும்போது மட்டும் என் தோளில் கை வைத்தார்.