தோள்வலிக்கு ஒரு சீசா

மாமியார் வீட்டுக் கூரையில் இந்த ஜென்மத்தில் ஏறுவதில்லை என்று ஆர்விட் சபதம் எடுத்த வாரம், கொலம்பியா ஆற்றில் சால்மன் மீன் ஏறத் தொடங்கியிருந்தது. ஓரிகனில் மழையில்லாத சனிக்கிழமை அத்தி பூத்தாற்போல வரும். அதைக் கூரைப் பாசி சுரண்டியா கழிப்பது? வெள்ளிக்கிழமை காலையிலேயே அவருக்கு வலது தோள் பிடித்துக்கொண்டது. தூண்டில் போட இடது தோள் போதும்.

மனைவி இங்கா குறுக்குக் கேள்வி ஏதும் கேட்கவில்லை. காகித ஆலையில் மரக்கூழ் காய்ச்சி மிஞ்சும் திரவத்தை, வலி என்றால் குதிரைக் கால் முதல் பாதிரியார் முழங்கால் வரை தடவுகிற ஊர் அது. ஒரு சீசாவைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

"இதை ரெண்டு வேளை தடவுங்க. நாளைக்கும் வலிச்சா, அம்மா வீட்டுக்கு வர வேணாம். பேசாம ஆத்தங்கரையில போய்க் காத்து வாங்குங்க."

இப்படி ஒரு மனைவி யாருக்கு வாய்க்கும் என்று ஆர்விட் நெகிழ்ந்தே போனார். ஆனால் சீசாவைத் தொடவில்லை. பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்துகிறவர். அந்தத் திரவம் தோலுக்குள் தனியாகப் போகாது. பந்திக்கு அழைத்தவன் தெருவையே கூட்டி வருவதுபோல, தோலில் ஒட்டிய கண்டதையும் இழுத்துக்கொண்டு போகும் என்று படித்திருந்தார். இல்லாத வலிக்கு எதற்கு வம்பு?

இன்னொன்றும் படித்திருந்தார். தோளில் தடவினால் சற்று நேரத்தில் வாயில் பூண்டு நாறும். ஊரில் குழந்தைக்கும் தெரிந்த அடையாளம் அது. தன் வாய் நாறாவிட்டால் இங்கா விடுவாளா? ஆகவே இரண்டு வேளையும் பச்சைப் பூண்டை மென்று விழுங்கினார். கண்ணில் நீர் வந்தது. கல்வியின் பயன் என்று துடைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை இங்கா கேட்டாள்: "எப்படி இருக்கு?"

"உயிர் போகுது. மருந்து கேக்கவே இல்ல."

"ஒழுங்காத் தடவினீங்களா?"

இந்தக் கேள்விக்காகத்தானே இத்தனை பாடும். ஆர்விட் அவள் முகத்துக்கு நேரே நீளமாக ஊதினார். ஜன்னலில் படுத்திருந்த பூனை எழுந்து வெளியே போய்விட்டது.

இங்கா அசையவில்லை.

"பூண்டு வாசம் தூக்குதுங்க," என்றாள். "சீசாவுல நான் ஊத்தினது குழாய்த் தண்ணி. வாங்க, ஏணியை வண்டியில கட்டியாச்சு."