எச்சில் வாளி உரைத்த தீர்ப்பு

வாழ்க! முழு அண்டாவை ஒற்றை மூச்சில் இறக்கும் திண்தோளர், மிளகாய்ப் புகைக்கும் இமையா விழியர், அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் கேன்டீனில் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் புதன்தோறும் ஆட்டுக்கறிக் குழம்பு சமைத்து நூற்றெண்பது வயிறுகளை ஆண்டருளும் கறி மாஸ்டர் வாழ்க! அவர் குழம்பின் எலும்பைக் கடித்துச் சிதைக்காத பல் அவ்வாலையில் இல்லை. பல் போனவர்களும் உறிஞ்சியே கரைசேர்ந்தனர்.

அத்தகைய கொற்றத்தின்மேல் ஒரு திங்களன்று இடி இறங்கிற்று. மூக்குக்கண்ணாடி அணிந்த மேலாளர் அம்மையார் அடுக்களை வாயிலில் தோன்றி, "மாஸ்டர், கறிக்கு ஆகுற தண்ணியையும் நிலத்தையும் பூமி தாங்காது. இனிமே புதன்கிழமை கொண்டைக்கடலை போடுங்க" என்று திருவாய் மலர்ந்தார்.

மாஸ்டரின் மீசை துடித்தது. நாள்தோறும் எச்சில் வாளியை நிறுத்துப் பார்த்து, எடையைச் சுவரில் கரியால் எழுதி வைப்பது தட்டு கழுவும் அக்காவின் வழக்கம். அச்சுவரை நோக்கிக் கரண்டியை வாளென உயர்த்திய மாவீரர், ஆலை அதிர முழங்கினார்: "வாளி சொல்லட்டும்மா! போன புதன் கறிக்குப் பதினோரு கிலோ. கடலைக்கு அதுக்கு மேல விழுந்தா கறி திரும்பி வரணும். குறைஞ்சா, காலத்துக்கும் கடலைதான். இது என் கரண்டி மேல சத்தியம்!"

புதனும் புலர்ந்தது. உப்பைக் குறைத்தால் கடலைப் பகை ஒழியுமே என்று அவருள்ளம் சதி செய்தது. கையோ பழக்கதோஷத்தால் அளவாய் அள்ளிப் போட்டு, வறுத்த மசாலாவையும் தாராளமாய்த் தூவித் தலைவனைக் காட்டிக்கொடுத்தது. மணி ஒலிக்க, பசிப்படை வரிசை வரிசையாய்ப் பாய்ந்தது. சிலர் மறுசோறு கேட்டனர். ஆனால் பாரவண்டி ஓட்டுநரோ முகம் சுளித்துத் தட்டில் பாதியை வாளியில் கவிழ்த்தார். அவர் பின்னே இன்னும் பலர் கவிழ்த்தனர். வெற்றி வெற்றி என்று மாஸ்டர் உள்ளம் துள்ளிற்று. தாம் சமைத்ததை ஒருவன் கொட்டுகிறானே என்று அதே உள்ளம் வலிக்கவும் செய்தது.

வாளி தராசேறிற்று. ஆலையே மூச்சடக்கி நிற்க, அக்கா அறிவித்தார்: "எட்டரை."

மாஸ்டர் திகைத்தார், பிறகுதான் உறைத்தது. புதன்தோறும் அவ்வாளியை நிறைத்தது எலும்பு! கடலைக்கு ஏது எலும்பு? "எலும்பைக் கழிச்சுப் பாருங்கம்மா!" என்று அலறினார்.

"வாளி சொல்லட்டும்னது நீங்கதான மாஸ்டர்?" என்றார் அம்மையார்.

களம் வெறிச்சோடியது. கொற்றம் இழந்த கோமான், தனியராய் அண்டாவின் அடியை வழித்து நாவில் இட்டார், கண்களை மூடினார், பகைவனின் குறையை அக்கணமே கண்டுகொண்டார். புளி போதவில்லை.

அடுத்த செவ்வாய் சாயங்காலம் கடலை ஊறப்போட மறந்துவிடக் கூடாது என்று சுவரில் எழுதிவிட்டு, மாஸ்டர் வீட்டுக்குப் போனார்.