இரண்டாவது திறப்பை உடனே அனுப்பவும்

ஸ்காபரோ,
ஒக்டோபர், செவ்வாய்க்கிழமை.

கல்கரி மாநகரில் குளிருக்கும் அஞ்சாமல் குடியிருக்கும் என் அக்காவின் ஏகபுத்திரன், கணினிச் சிங்கம் ஜதுர்சனுக்கு, ஸ்காபரோவின் மோட்டார் சைக்கிள் மாவீரன் நவரட்ணம் மாமா எழுதிக்கொள்வது. நானும் மாமியும் நலம். உன் நலத்துக்காகப் பிள்ளையாரிடம் வேண்டியிருப்பேன். ஆனால் அவருக்கும் எனக்கும் இந்த வாரம் அவ்வளவு பேச்சுவார்த்தை இல்லை. காரணத்தைக் கீழே காண்க.

தொலைபேசியில் சொல்லக்கூடிய விஷயந்தான். நீ எடுத்தால் அல்லவா? தப்பித்தவறி எடுத்தாலும் "மாமா, மீட்டிங்கில நிக்கிறன், பிறகு கோல் பண்றன்" என்கிறாய். உன்னுடைய அந்தப் 'பிறகு' வருவதற்குள் ஒன்ராறியோ ஏரி வற்றி, அதில் நாலு மாடிக் கட்டடம் எழும்பிவிடும். ஆகையால் விஷயத்தை நேரே சொல்கிறேன். நீ கல்கரிக்குப் போகும்போது என் தலையில் கட்டிவிட்டுப் போன பழைய மோட்டார் சைக்கிளைக் கிளப்பும் திறப்பு தொலைந்துவிட்டது. நீ தந்தது ஒரே ஒரு திறப்பு. புதிதாக வாங்கியபோது இரண்டு திறப்பும் இலக்கம் அடித்த ஒரு சின்னத் தகடும் உனக்குத் தந்திருப்பார்களாம். அந்த இரண்டாவது திறப்பு அல்லது அந்தத் தகட்டின் இலக்கம், இரண்டில் ஒன்று இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன் என் கைக்கு வந்தாக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை உன் மாமி பாலேஸ்வரியின் பிறந்தநாள். இந்தக் கோடை முழுக்க அவர் அந்த வண்டியைப் பாம்பைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தார். "உந்த வயசில உதில ஏறினா, பிறகு நாலு பேர் சேர்ந்துதான் இறக்கவேணும்" என்று தினமும் காலையில் எனக்கு மந்திரம் ஓதினார். ஒருக்கா, ஒரே ஒருக்கா என் பின்னால் ஏறி இரு என்று நான் கெஞ்சிய கெஞ்சலுக்கு, எதிர்வீட்டு வெள்ளைக்காரனின் நாய்கூட மனமிரங்கி வாலாட்டியது. போன வாரம், தேத்தண்ணி ஆற்றிக்கொண்டே, எதுவும் நடவாதது போல, "சரி, பிறந்தநாளண்டைக்கு ஒருக்கா ஏறுறன். பிளஃப்ஸ் மேடு வரைக்கும் போய் ஏரியைப் பாத்திட்டு வருவம். ஆனா முதல் கோயிலில வாகனப் பூசை செய்யவேணும்" என்றார். மருமகனே, நான் சொன்ன எதற்கும் அவர் இவ்வளவு சுருக்கமாகச் சம்மதித்ததாகச் சரித்திரம் இல்லை. மாத முடிவோடு இன்சூரன்ஸை நிறுத்தி, வண்டியைப் பனிக்காலத்துக்குப் போர்த்து மூட வேண்டும். வசந்தம் வருவதற்குள் மாமிக்குப் புத்தி தெளிந்துவிடும். இந்த ஞாயிறு தவறினால் அவர் ஏறவே மாட்டார்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கொண்டுபோனோம். ஐயர் வண்டிக்குச் சந்தனப் பொட்டு வைத்து, மாலை போட்டு, இரண்டு சில்லுக்கும் கீழே தேசிக்காய் வைத்து, "திறப்பைத் தட்டில வையுங்கோ" என்றார். நானோ சட்டம் ஒழுங்கு தெரிந்தவன். கைபிடியைப் பூட்டிவிட்டுத்தான் திறப்பை வைத்தேன். பக்கத்தில் மொன்றியலில் இருந்து வந்த ஒரு குடும்பம், தங்கள் புது வானுக்குப் பூசை செய்ய நின்றது. அவர்களும் நாங்களும் ஒரே பிளாசாவில், ஒரே கடையில் அர்ச்சனைச் சாமான் வாங்கியிருக்கிறோம். ஒரே மஞ்சள் பை, ஒரே வாழைப்பழம், ஒரே வெற்றிலை. ஐயர் தீபம் காட்டி முடித்து, வான்காரருக்கு அவருடைய திறப்பைக் கையில் கொடுத்தார். என்னுடையதை மட்டும் பூவோடும் பழத்தோடும் சேர்த்துப் பைக்குள் கவிழ்த்தார். நான் பையை நிலத்தில் வைத்துவிட்டு, மாமி படம் எடுக்க, வண்டியில் கைவைத்து ஒரு சக்கரவர்த்தியைப்போலச் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் வான் தன் தேசிக்காய்களை நசித்துக்கொண்டு பறந்துவிட்டது. மிச்சமிருந்த பையைத் திறந்து பார்த்தால் பழம் இருக்கிறது, தேங்காய்ப் பாதி இருக்கிறது, திறப்பைக் காணோம்; அது அவர்களுடைய பை.

கோயில் கந்தோரில் விசாரித்தேன். வான்காரரின் பெயர் தெரியாதாம். அர்ச்சனைத் துண்டில் உத்தரட்டாதி நட்சத்திரம், மீன ராசி என்று மட்டும் இருக்கிறது. மொன்றியலில் போய் ஒவ்வொரு கதவாகத் தட்டி "இங்கே உத்தரட்டாதி யார்?" என்று கேட்கச் சொல்கிறாயா? வண்டியோ கைபிடி பூட்டியபடி, உருட்டவும் வழியில்லாமல், மாலையும் பொட்டுமாகக் கோயில் வாசலிலேயே நிற்கிறது. சனம் அதைச் சுற்றிக் கும்பிடத் தொடங்கிவிட்டது. நேற்று ஒரு அன்ரி, "தம்பி, இது எந்தச் சாமியின்ர வாகனம்?" என்று கேட்டுவிட்டு, பெற்றோல் தாங்கிக்கு மேல் கற்பூரம் கொளுத்தப் போனார். நான் குறுக்கே பாய்ந்திராவிட்டால் இன்றைக்கு ஸ்காபரோவைப் பழைய வரைபடத்தில்தான் பார்க்கலாம்.

வெக்ஸ்போர்ட்டில் திறப்பு வெட்டும் கடை வைத்திருக்கும் அல்பேட்டிடம் ஓடினேன்.

"நம்பர் இருந்தா வெட்டித்தாறன் அண்ணை. இல்லாட்டிப் பூட்டைக் கழட்டவேணும். அதுக்கு முதல் ஓனர்சிப் பேப்பரைக் காட்டுங்கோ."

"என்னைப் பாத்தா மோட்டார் சைக்கிள் கள்ளன் மாதிரியே கிடக்கு?"

"மோட்டார் சைக்கிள் ஓடுற ஆள் மாதிரியும் இல்லை அண்ணை. அதுதான் யோசிக்கிறன். பேப்பர் எங்க?"

"சீற்றுக்குக் கீழ."

"சீற்றைத் திறந்து எடுங்கோவன்."

"சீற்றுக்கும் அதே திறப்புத்தான்."

"சரி, ஹெல்மெட் எண்டாலும் கையில இருக்கோ?"

"அதையும் சீற்றோட கொழுவிப் பூட்டிப்போட்டன்."

அல்பேட் கதிரையில் இருந்து சரிந்து விழுந்து சிரித்தான். பிறகு எழும்பி, பக்கத்துக் கடைக்காரரையும் கூப்பிட்டு, என்னை ஆரம்பத்தில் இருந்து திரும்பவும் சொல்லச் சொன்னான்.

வீட்டுக்கு வந்தால் மாமி சோபாவில் ஹெல்மெட்டோடு இருந்து சீரியல் பார்க்கிறார். புத்தம்புது ஹெல்மெட், மாம்பழ நிறம், தானே போய் வாங்கியது.

"என்னப்பா செய்யிறாய்?"

"பழகிறன். ஞாயிற்றுக்கிழமை ஏறப்போறன் எண்டு பக்கத்துவீட்டு ரோகிணிக்கும் சொல்லிப்போட்டன். திறப்பு வராட்டி இதைக் கடையில திருப்பிக் குடுத்திடுவன். உங்கட மோட்டார் சைக்கிள் கதையையும் அதோட முடிப்பம்."

சொல்லிவிட்டு ஹெல்மெட்டின் கண்ணாடியைக் கீழே இழுத்து மூடினார்.

ஆகவே, ஜதுர்சா, உன் வீட்டுப் பெட்டிகளை எல்லாம் கவிழ்த்துத் தேடு. கட்டிலைப் புரட்டு. சுவரை இடி. கிடைத்ததும் இரவு பகல் பாராமல் அனுப்பி வை. உனக்குச் சீக்கிரத்தில் நல்ல பெண்ணும், அதைவிடச் சீக்கிரத்தில் ஞாபகசக்தியும் வாய்க்கட்டும் என்று வாழ்த்தும்,

அன்பு மாமா,
நவரட்ணம்.

பிற்குறிப்பு: மேலே உள்ளதை உறையில் போட்டுத் தபாலில் சேர்ப்பதற்குள் காரியம் என்னை முந்திவிட்டது. புதன்கிழமை மாமி அந்த மாம்பழ ஹெல்மெட்டோடு நேரே அல்பேட்டின் கடைக்குப் போய், அவன் ஆயுதப் பெட்டியைத் தூக்கும்வரை வாசலில் நின்றிருக்கிறார். அவன் கோயிலுக்கு வந்து சீற்றைத் திறந்து, பேப்பரைப் பார்த்து, பூட்டைக் கழற்றி, அதே பூட்டுக்குப் புதுத் திறப்பு வெட்டிக் கொடுத்துவிட்டான். ஞாயிறு புறப்பட்டோம். முதலாவது சந்தி தாண்டும்வரை என் இடுப்பை இறுக்கிப் பிடித்திருந்தவர், பிறகு கையை எடுத்து என் முதுகில் தட்டத் தொடங்கினார். "உந்தப் பஸ்ஸை முந்துங்கோ." "இஞ்சருங்கோ, சைக்கிள்காரப் பெடியன் எங்களை முந்திப் போறான், வெக்கமா இல்லையே?" பிளஃப்ஸில் ஏரியைக் கண்ணால் ஒருமுறை தொட்டார். "பாத்தாச்சு, ஏறுங்கோ, ஹைவேயால போவம்" என்றார். இதுவரை நான் அந்தப் பக்கமே போனதில்லை என்பதை உனக்கு மட்டும் சொல்கிறேன். இன்று காலை மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் புத்தகத்தை விரித்துவைத்துப் பாடமாக்கிக்கொண்டிருக்கிறார். வசந்தத்தில் அவர் ஓட்டுவாராம், பின்னால் இருப்பது நானாம். புதுத் திறப்பு அவருடைய கைப்பைக்குள் இருக்கிறது. ஆகையால் இரண்டாவது திறப்பு கிடைத்தால் தயவுசெய்து அனுப்பாதே. அதை எடுத்துக்கொண்டு நீயே விமானம் ஏறி வந்து, சத்தமில்லாமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு ஓடிவிடு. பொலிஸ் வந்தால் நான் உன்னைக் கண்டதில்லை.