பெட்டரி மாமாவும் நாலு பல்பும்

மின்சாரத்தையே பங்கு பிரித்துக் கொடுக்கப் பார்த்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் லயத்துப் பெட்டரி மாமா. அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்கே மறந்துபோயிருக்கும்.

தொண்ணூறுகளில் கஹவத்தைப் பக்கத்து எங்கள் தோட்டத்தில் தொழிலாளர்களின் வரிசைவீடுகளான லயங்களுக்குக் கரண்ட் கிடையாது. மாமாவிடம் மட்டும் ஒரு பழைய கார் பெட்டரி இருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் டவுனுக்குப் போய் சார்ஜ் பண்ணி வருவார். பக்கத்தில் இருப்பவர் முறைத்தால், "இதுக்கு ஆட்டம் ஆகாதுங்க, நீங்க கொஞ்சம் தள்ளி உக்காருங்க!" என்பார்.

அக்காவைப் பெண் பார்க்கக் குருவிட்டையிலிருந்து வருவதாகச் செய்தி வந்தது. அதற்கு முன்பு வந்த இரண்டு இடமும் தட்டிப்போயிருந்ததால் அம்மா பதறிப்போய் மாமாவிடம் ஓடினாள்.

"அண்ணே, குப்பி லாம்பு வெளிச்சத்துல எம் புள்ள மொகமே தெரியல. நீங்கதான் லைட்டு போட்டுத் தரணும்."

"ஹரி ஹரி, சரி தங்கச்சி, கல்யாண வீடாவே ஆக்கிர்றேன்!"

வாசலில் ஒன்று, வீட்டின் ஒரே அறையான காம்பராவில் இரண்டு, சமைக்கிற குசினியில் ஒன்று என்று நாலு பல்புகளை ஒரே வயரில் பூமாலை மாதிரி வரிசையாகக் கோத்தார். அந்தி சாய்ந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்ததும் பெட்டரியில் கிளிப்புகளை மாட்டினார். நாலும் பீடி நுனியாகச் சிவந்தன, அவ்வளவுதான்.

"என்னங்கண்ணே இது?" அம்மா அவர் காதோரம் குனிந்து கேட்டாள்.

"முன்னுக்கு இருக்கிற பல்பு எல்லாக் கரண்டையும் குடிச்சிருது. மத்ததுக்கு மிச்சம்தான் போகுது. இரு, அவனைக் கழட்டிர்றேன்!"

குடித்த பல்பும் மற்றவை மாதிரியே மங்கலாகத்தான் இருந்தது. அது எங்கே அவர் கண்ணில் பட்டது! வாசல் பல்பைக் கழற்றினார். கோத்த மாலை அந்த இடத்தில் அறுந்ததுதானே, மற்ற மூன்றும் சேர்ந்து அணைந்தன.

"பொண்ணு எங்கங்க இருக்கு?" என்று இருட்டுக்குள் மாப்பிள்ளையின் அம்மா கேட்டார். எனக்கு அவமானத்தில் அழுகையே வந்துவிட்டது.

மாமா எல்லா வயரையும் பிடுங்கினார். காம்பராவில் ஒரே ஒரு பல்பைத் தொங்கவிட்டு, வயரை நேரே வாசலில் இருந்த பெட்டரிக்கு இழுத்தார். பிடுங்கிய வேகத்தில் கிளிப் இரண்டும் உடைந்திருந்தன. வாசலில் குந்தி, வயர் நுனிகளை இரண்டு கையாலும் பெட்டரியில் அழுத்திப் பிடித்துக்கொண்டார். பளீரென்று வெளிச்சம்! கூரை ஒட்டடைகூடத் தெரிந்தது.

"நீங்களும் உள்ளுக்கு வந்து தேத்தண்ணி குடிங்களேன்" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"நான் வந்தா லைட்டு போயிருமுங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். தேத்தண்ணித் தட்டோடு வந்த அக்கா, விருந்தாளிகளைத் தாண்டி நேரே வாசலுக்குப் போனாள். கையை எடுக்க முடியாத மாமாவுக்குத் தேத்தண்ணியை ஊதி ஊதிப் புகட்டினாள். அம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள்.

மாப்பிள்ளையின் அம்மா மகனிடம் சொன்னார்: "போதும்டா, நல்லாப் பாத்துட்டேன். எனக்கு இந்தப் புள்ளதான் வேணும்."

அதைக் கேட்டு மாமாவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று வந்ததைத் துடைக்க அவருக்கு ஒரு கை மிச்சமில்லை. அதையும் அக்காதான் முந்தானையால் துடைத்துவிட்டாள்.