ஒரு கோப்பை குடம்பி

"எங்கட கிணத்தில ஒரு நுளம்பும் இல்லை சேர்! அந்தோனியார் சத்தியமா இல்லை!"

வாசலில் ஜீப் நின்றதும் கிறகரி முதலில் சொன்னது இதைத்தான். நுளம்பு ஒழிப்புக் கந்தோர்க்காரர் வந்து கிணற்றில் நுளம்புப் புழுவைக் கண்டால் வீட்டுக்காரர் மேல் வழக்கு என்பது மன்னாரில் யாருக்குத்தான் தெரியாது? ஆனால் ஜீப்பிலிருந்து இறங்கியது மகள் செலீனா. காலையில் அதே கந்தோருக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போன பிள்ளை!

பூச்சியியல் படித்துப் பட்டம் வாங்கி, மூன்று வருடமாக வேலையில்லாமல் வீட்டிலிருப்பவள். "பூச்சி பிடிக்கவோ கம்பஸ் போனவள்?" என்று ஊர் கேட்டுக் கேட்டே கிறகரிக்கு வெளியில் தலைகாட்ட முடியாமல் போயிருந்தது.

அவளுக்குப் பின்னால் இறங்கிய கந்தோர்ப் பெரிய அதிகாரி சிவராசா ஒரு போத்தலைத் தூக்கிக் காட்டினார். உள்ளே நுளம்புக் குடம்பிகள், குட்டிக் கொசுப்புழுக்கள், நெளிந்தன.

"ஐயா, இந்த மலேரியா நுளம்பை ஆறு மாசமாத் தேடுறம். உங்கட மகள் பிடிச்சுக்கொண்டு வந்திட்டா. நேத்து உங்கட கிணத்தில எடுத்ததாம். இடத்தைக் காட்டினா இண்டைக்கே வேலை. இடத்துக்குச் சொந்தக்காரருக்கு வழக்கு. அதில நான் ஆள் பாக்கிறேல்லை."

செலீனா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

கிறகரி பாய்ந்து விழுந்து சொன்னார்: "ஓம் சேர், இருக்கு! நிறையக் கிடக்கு! வாங்கோ!"

வாளி வாளியாக அள்ளினார்கள். வந்ததெல்லாம் குட்டி மீன்கள்.

"அது நான் போன கிழமை விட்டது," என்றாள் மனைவி அன்ரோனெற் பெருமையாக. "ஒரு குடம்பி மிச்சம் வைக்காதுகள் சேர்!"

"வாயை மூடு!" என்று கிறகரி சீறினார்.

"போன கிழமை மீன் விட்ட கிணத்தில நேத்து எப்பிடிப் பிள்ளை எடுத்தனீர்?" என்றார் சிவராசா.

மகள் பதில் சொல்ல முன்னம் கிறகரி பக்கத்து வீட்டு வேலிக்கு ஓடினார்.

"கதீஜா தங்கச்சி, ஒரு கோப்பை குடம்பி இருந்தாத் தாங்கோ! பிள்ளையின்ர வேலை போகப்போகுது!"

கதீஜா ஜீப்பை எட்டிப் பார்த்தாள். "அல்லாஹ்! எங்கட வீட்டில அப்பிடி ஒண்டும் இல்லை!" கதவு படாரென்று சாத்தப்பட்டது. சீனி கேட்டால் சுண்டு நிறையத் தருகிற மனுசி!

கடைசியில் வீட்டின் பின்பக்கக் கோடிப்புறத்தில் நாய்க்குத் தண்ணீர் வைக்கும் சட்டியில் கண்டார். நெளிகிறது! கர்த்தர் கைவிடவில்லை! சட்டியோடு ஓடிவந்தார்.

சிவராசா குனிந்து பார்த்தார். "இது டெங்கு நுளம்பு. இதுக்கு வேற வழக்கு." எழுதவும் தொடங்கிவிட்டார்.

"எழுதுங்கோ சேர்! எத்தினையெண்டாலும் எழுதுங்கோ! என்னை மறியலில போடுங்கோ! பிள்ளைக்கு வேலையை மட்டும் குடுத்திடுங்கோ!" கிறகரிக்கு அழுகையே வந்துவிட்டது.

"பொய் சொல்லி வேலை எடுக்கிற ஆள் எங்களுக்குத் தேவையில்லை." சிவராசா செலீனாவின் விண்ணப்பத்தை அவள் கையிலேயே திருப்பித் திணித்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். "யோசேப், வாகனத்தை எடும்!"

சாரதி யோசேப் ஜீப்பின் திறப்பைத் திருகவில்லை.

"சேர், காலமை நான் கண்டனான், அந்தப் பிள்ளை குடம்பி அள்ளினது எங்கட கந்தோர்த் தண்ணித் தாங்கியில, உங்களுக்கு வழக்கு வரப்படாதெண்டுதான் தன்ர அப்பாவை மாட்டிவிட்டது."